வளர்ப்பவர் யார்?

சங்க அகப்பாடல்களில் தலைவிக்குத் தாய்மார் இருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி காதலனோடு புறப்பட்டுப் போனால், பாலை வழியில் அவளைத் தேடிக்கொண்டு போகிறவள் செவிலிதான். வளர்த்தவளுக்குத் தனிப் பெயரும், அவள் பேசுவதற்கென்று ஓர் இடமும் இலக்கணமே ஒதுக்கிக் கொடுத்த மொழி நம்முடையது.

இன்றைய பேச்சு வழக்கில் அந்த வேறுபாடு கலைந்துவிட்டது. ‘வளர்ப்பு மகன்’ என்றால் தத்துப்பிள்ளை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று சொல்லும் ஏற்பாடு தத்து அல்ல. பெற்றவரோடு இப்போதைக்கு இருக்க முடியாத பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஒரு குடும்பம் சில மாதமோ சில ஆண்டோ வளர்க்கிறது. பிள்ளையின் தலைப்பெழுத்து மாறுவதில்லை. சொத்துரிமை வருவதில்லை. நிலைமை சரியானால் பிள்ளை திரும்பிப் போக வேண்டும். ஆட்சியர் அலுவலக அறிவிப்பைப் பார்த்துவிட்டு ‘அப்புறம் பிள்ளை நமக்கே வந்துடுமா?’ என்று ஒருவர் கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. உலகம் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தடுமாறிக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் அவர் வேறு சொல்லில் கேட்கிறார்: அரசு கேட்டுக்கொண்டபடி பிறர் பிள்ளையை வளர்ப்பவர் யார்? பெற்றோரா, பணியாளரா, உறவுக்காரரா, தத்துக்கு வரிசையில் நிற்பவரா?

சோறும் கூரையும்

முதல் விடை எளிமையானது: பிள்ளைக்குச் சோறு போடுகிறவர், பதிலுக்கு வேலை வாங்கிக்கொள்கிறவர். நியூயார்க்கில் 1853இல் சார்லஸ் லோரிங் பிரேஸ் தொடங்கிய சிறுவர் உதவிச் சங்கம், தெருவில் திரிந்த பிள்ளைகளை ரயிலேற்றி மேற்குப் பகுதிப் பண்ணைகளுக்கு அனுப்பியது. 1854 முதல் 1929 வரை அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. ரயில் நின்ற ஊரில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள், வந்தவர்கள் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். நல்ல வீடு கிடைத்தவர்கள் பலர். மாட்டுக்குப் புல் அறுக்கவே எடுத்துப் போகப்பட்டவர்களும் பலர். பிரிட்டனிலும் ஏழைச் சட்டத்தின் கீழ் 1870 முதல் பிள்ளைகளை வெளிக் குடும்பங்களில் விடும் முறை பரவியது.

அந்த விடையின் ஓட்டையை ஊருக்குக் காட்டியது ஒரு மரணம். டென்னிஸ் ஓநீல் என்ற 12 வயதுச் சிறுவன் 1945 ஜனவரியில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், தன்னை வளர்க்க ஒப்படைத்த பண்ணை வீட்டில் பட்டினியாலும் அடியாலும் இறந்தான். அவனை அனுப்பியது வேல்ஸ் பக்கத்து நகராட்சி ஒன்று, பண்ணை இருந்ததோ வேறு மாவட்டத்தில். யார் போய்ப் பார்ப்பது என்பது இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. 1946இல் கர்டிஸ் குழுவின் அறிக்கை வந்தது, 1948இல் குழந்தைகள் சட்டம் வந்தது. (அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகத்துக்குத் தூண்டுதல் இந்த வழக்குதான்.) வளர்ப்பு வீட்டை யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதி அப்போதிருந்து பல நாட்டுச் சட்டங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இந்தியச் சட்டமும் மாதம் ஒரு முறை ஆய்வு என்கிறது. சட்டத்தில் எழுதுவது எளிது. ஒரு மாவட்டத்தின் விரல்விட்டு எண்ணக்கூடிய சமூகப் பணியாளர்கள் அதை எப்படிச் செய்வார்கள் என்பது தனிக் கேள்வி.

இல்லமா, வீடா

இரண்டாவது விடை மனநல மருத்துவத்திலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை, தாயோடு அல்லது தாய்க்கு ஈடான ஒருவரோடு இடையறாத உறவு இல்லாமல் வளரும் குழந்தையின் மனநலம் பாதிக்கப்படும் என்று வாதிட்டது. தாயை மட்டுமே மையமாக வைத்தார், தந்தையையும் கூட்டுக் குடும்பத்தையும் பார்க்கவில்லை என்ற விமர்சனம் அவர் மீது உண்டு. அது நியாயமானதும்கூட. ஆனால் அவர் சொன்னதன் கருவை வலுப்படுத்தும் சோதனை ஒன்று பின்னாளில் ருமேனியாவில் நடந்தது. புகாரெஸ்ட் நகரின் ஆறு விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர்களின் அறிவுத்திறன் விடுதியில் இருந்தவர்களைவிடக் கூடியது. சின்ன வயதில், ஏறக்குறைய இரண்டு வயதுக்குள், போனவர்களுக்குப் பலன் அதிகம்.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒன்று உண்டு. அன்றைய புகாரெஸ்டில் வளர்ப்புப் பராமரிப்பு என்பது அநேகமாக இல்லை. ஆய்வாளர்களே குடும்பங்களைத் தேடிப் பிடித்தார்கள், ஊதியம் கொடுத்தார்கள், சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவித்து அந்தக் குடும்பங்களோடு தொடர்ந்து தொடர்பில் இருக்க வைத்தார்கள். ஆகவே ‘விடுதியைவிட வீடு மேல்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல அந்தச் சோதனை இடம் தராது. கைகொடுக்க ஆள் இருக்கும் வீடு, விடுதியைவிட மேல். அவ்வளவுதான் அது காட்டியது.

இந்தியாவில் இந்த விவாதம் தாமதமாக வந்தது. நம் ஊரில் ‘பையனை ஹோம்ல விட்டிருக்கு’ என்று சொல்லும்போது அவன் அநாதை என்று பொருள் இல்லை. கணவன் இறந்து, செங்கல் சூளைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் தாய், பள்ளிக்கூடமும் மூன்று வேளைச் சோறும் கிடைக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளே பல இல்லங்களில் இருக்கிறார்கள். மத்திய அரசு செய்த கணக்கெடுப்பு 2018இல் வெளியானபோது நாட்டில் 9,589 இல்லங்களும் அவற்றில் 3.7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இருந்தது தெரிந்தது. இல்லங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. தமிழக அநாதை இல்லங்களில் நடந்த சுரண்டல் பற்றிய செய்தியில் தொடங்கிய வழக்கில் 2017 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எல்லாப் பிள்ளைகளையும் இல்லத்தில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, தத்தும் வளர்ப்புப் பராமரிப்பும் தீவிரமாக யோசிக்கப்பட வேண்டும் என்றது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்கள் இல்லப் பிள்ளைகளை 100 நாட்களுக்குள் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதியது. இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் பேரில் 1.84 லட்சம் பேர் இந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். அனுப்புவது சரி. பிள்ளையை முதலில் இல்லத்துக்குத் தள்ளிய வறுமை அந்த 100 நாளில் எங்கே போயிருக்கும் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

பாசமா, சம்பளமா

வீடுதான் என்று முடிவாகிவிட்டால் அடுத்த சிக்கல் வீட்டுக்காரர். கேள்வியின் முடிச்சு இங்கேதான் இறுகுகிறது.

ஜோசஃப் கோல்ட்ஸ்டீன், அன்னா ஃபிராய்ட், ஆல்பர்ட் சோல்னிட் மூவரும் 1973இல் எழுதிய நூல் ‘உளவியல் பெற்றோர்’ என்ற கருத்தை முன்வைத்தது. பிள்ளைக்கு யார் பெற்றோர் என்பதை இரத்தம் தீர்மானிப்பதில்லை, அன்றாடம் கூட இருந்து ஊட்டுவதும் தேற்றுவதும்தான் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம். அப்படியானால் வளர்ப்பவருக்கும் உரிமை வேண்டும் அல்லவா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்மித் வழக்கில் இதை எதிர்கொண்டது. வளர்ப்புக் குடும்பத்தில் பாசம் உண்டு என்பதை நீதிபதி பிரென்னன் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் பிறந்ததே அரசின் சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் என்பதைச் சுட்டி, பெற்றவர்க்குள்ள உரிமைக்கு நிகராக அதன் உரிமையை வைக்க மறுத்தார். தீர்ப்பு வளர்ப்பவர்களுக்கு எதிராகப் போனது.

பிரிட்டன் வேறு திசையில் நடந்தது. அங்கே ‘வளர்ப்புப் பெற்றோர்’ என்ற சொல்லையே அதிகார வட்டாரம் கைவிட்டு, ‘வளர்ப்புப் பராமரிப்பாளர்’ என்று ஆக்கியது. கெண்ட் மாவட்டத்தில் நான்சி ஹேசல் 1975இல் தொடங்கிய திட்டம், யாரும் எடுக்கத் தயங்கிய பதின்வயதுப் பிள்ளைகளுக்காகக் குடும்பங்களைத் தேர்ந்து, பயிற்சியும் ஊதியமும் கொடுத்தது. பாசத்துக்குக் கூலியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் கடினமான பிள்ளைகளுக்கும் வீடு கிடைக்கும் என்று அத்திட்டம் காட்டியது. அது போட்ட பாதை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஊதியம் வந்த இடத்தில் தனியார் நிறுவனங்கள் வந்தன. பெரிய நிறுவனங்கள் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதல் இலாபம் எடுப்பதாக 2022இல் பிரிட்டனின் போட்டி ஆணையமே அறிக்கை தந்தது. இன்னொரு பக்கம், ஊதியம் கொடுக்கிறீர்கள், விடுப்பும் வேலைப் பாதுகாப்பும் எங்கே என்று பராமரிப்பாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கிளாஸ்கோவில் சிறப்புத் திட்டம் ஒன்றில் இருந்த ஒரு தம்பதி நகராட்சியின் ஊழியர்களே என்று 2017இல் தொழிலாளர் தீர்ப்பாயம் சொன்னது. மற்ற பராமரிப்பாளர்களுக்கு அது தானாகப் பொருந்திவிடவில்லை.

இந்த இரண்டுங்கெட்டான் நிலை அன்றாடத்தில் எப்படித் தெரியும்? பிள்ளைக்கு முடி வெட்ட வேண்டும், சமூகப் பணியாளரைக் கேட்க வேண்டும். வகுப்புத் தோழி வீட்டில் ஓர் இரவு தங்க வேண்டும், கேட்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாப் படிவத்தில் கையெழுத்து, அதற்கும் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் பேருந்து கிளம்பிவிடும். கடைசியில் வெட்கப்படுவது பிள்ளைதான். விவேகமுள்ள ஒரு பெற்றோர் எடுக்கும் முடிவை வளர்ப்பவரும் எடுக்கலாம் என்று அமெரிக்கா சட்டம் போட 2014 ஆயிற்று. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும்போது பிள்ளையின் துணிமணிகள் கறுப்புக் குப்பைப் பையில் போவது, அங்கே வளர்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சி. குறைவான சம்பளத்தைவிட இப்படிப்பட்ட சின்னச் சின்ன அதிகாரமின்மைதான் நல்ல வளர்ப்பவர்களைச் சோர்ந்து விலக வைக்கிறது என்று கருத இடமிருக்கிறது.

நம் பக்கம் கணக்கு இன்னும் எளிது. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், அதாவது நாளைக்கு 133 ரூபாய். பால், பள்ளி வேன், நோட்டுப் புத்தகம், காய்ச்சல் வந்தால் கிளினிக் எல்லாம் அதற்குள். முன்பு 2,000 ஆக இருந்ததை நினைத்தால் முன்னேற்றம்தான். ஆனால் இது சம்பளமும் இல்லை, முழுச் செலவும் இல்லை. நம் திட்டம் வளர்ப்பவரைப் பெற்றோர் என்று அழைக்கிறது, பணியாளரைப் போல ஆய்வு செய்கிறது, நன்கொடையாளரைப் போல எதிர்பார்க்கிறது.

எதற்கு எடுக்க வேண்டும்?

நான்காவது தரப்பு விளையாட்டையே மறுக்கிறது. பிள்ளையை எங்கே வைப்பது என்பதைவிட, ஏன் எடுத்தீர்கள் என்பதே கேள்வி என்கிறார்கள் இவர்கள். டோரதி ராபர்ட்ஸ் தம் நூல்களில் (2002, 2022) அமெரிக்காவின் கறுப்பினக் குடும்பங்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பிரிக்கப்படுவதையும், ‘கவனிப்பின்மை’ என்று பதிவாவதில் பெரும்பகுதி வெறும் வறுமை என்பதையும் காட்டினார். பூர்வகுடிப் பிள்ளைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் வீட்டைவிட்டு எடுக்கப்பட்டிருந்ததாக ஆய்வுகள் சொன்னதால்தான் அங்கே 1978இல் தனிச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ பற்றிய 1997 அறிக்கை இதையே இன்னும் இருண்ட வண்ணத்தில் சொன்னது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஹென்றி கெம்பே 1962இல் பிள்ளைகளின் எலும்பு முறிவுகளை எக்ஸ்ரேயில் காட்டி, அடிப்பது பெற்றவர்களும்தான் என்று எழுதிய பிறகு, ‘குடும்பம் புனிதமானது’ என்று மட்டும் சொல்லி நகர முடியாது. அமெரிக்கச் சட்டம் இரு முனைக்கும் மாறி மாறி ஓடியிருக்கிறது. 1997இன் சட்டம், கடந்த 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை வெளியே இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடிக்க மனுப்போட வேண்டும் என்றது. 2018இன் சட்டமோ பிரிக்காமலே குடும்பத்துக்கு உதவ நிதியைத் திருப்பியது. வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தோர் 1999இல் ஏறக்குறைய 5.67 லட்சம், 2023இல் ஏறக்குறைய 3.43 லட்சம். குறைந்தது நல்லதற்கா, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதாலா என்பதில் அங்கே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பெற்றவளின் இழப்பைப் பாட நம் மரபில் குலசேகர ஆழ்வார் தேவகியின் வாயிலாக ஒரு பதிகமே ஒதுக்கினார். யசோதை வளர்த்த அழகைக் கொண்டாடும் பாடல்கள் நிறைய இருக்கும்போது, பிள்ளையை வளர்க்கக் கொடுத்துவைக்காதவளின் பக்கமும் ஒருவர் போய் நின்றார். நம் திட்டங்களில் அந்தத் தாய்க்கென்று ஒரு தலைப்பும் ஒதுக்கீடும் தேடினால் எளிதில் கிடைக்காது.

பாட்டி வீடு

அப்பா அம்மா இல்லாத பிள்ளை எங்கே வளர்கிறது என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ‘பாட்டி வீட்ல’, ‘சித்தி வீட்ல’, ‘மாமா பாத்துக்கிறாரு’ என்பார்கள். ஆணை இல்லை, படிவம் இல்லை, உதவித்தொகையும் பெரும்பாலும் இல்லை. உலகெங்கும் பெருவாரியான வளர்ப்பு இப்படித்தான் நடக்கிறது.

உறவினருக்குப் பணம் தருவதா என்பதில் அரசுகளுக்கு எப்போதும் தயக்கம் உண்டு. தன் பேரனை வளர்ப்பதற்குக் காசு எதற்கு என்ற எண்ணம் அது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் மில்லர் எதிர் யூக்கிம் வழக்கில், தகுதியுள்ள பிள்ளையை வளர்ப்பவர் உறவினர் என்ற காரணத்துக்காகவே கூட்டாட்சி நிதி உதவியை மறுக்க முடியாது என்றது. இருந்தும், படுக்கையறை எண்ணிக்கை போன்ற உரிம நிபந்தனைகளில் பாட்டிகள் சிக்கிக்கொண்டே இருந்தார்கள். உறவினருக்குத் தனி அளவுகோல் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி 2023இல்தான் வந்தது.

தமிழ்நாடு இந்த இடத்தில் சில அடி வைத்திருக்கிறது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2021இல் அறிவித்தது. 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. முதற்கட்டமாக 6,082 பேர். மத்திய நிதி ஆதரவுத் திட்டத்தில் 4,000 கிடைக்க வழி உண்டு, ஆனால் வருமான வரம்பும் ஒதுக்கீட்டின் அளவும் குறுக்கே நிற்கும். அறிமுகமில்லாத குடும்பத்துக்குப் போகும் பிள்ளைக்கு 4,000 என்றால், பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு 2,000 ஆகலாம் என்ற நிலைக்கு என்ன நியாயம் என்பது விளங்கவில்லை. பாட்டி குறைவாகச் சாப்பிடுவாள் என்பதாக இருக்கலாம்.

உறவினர் வீடு எல்லா நோய்க்கும் மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. எழுபது வயதில் சர்க்கரையும் மூட்டுவலியுமாக இருப்பவரிடம் பன்னிரண்டு வயதுப் பையனை விடுவது யாருக்கு நல்லது? எந்தத் தகப்பனின் அடியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றினோமோ, அவன் பொங்கலுக்கு அதே வீட்டுக்கு வரமாட்டானா? வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்தது என்று பிள்ளையை வைத்துக்கொள்ளும் அத்தைகள் கதையில் மட்டும் இருப்பவர்கள் அல்லர்.

தத்துக்குக் குறுக்கு வழி

இந்தியாவுக்கே உரிய இன்னொரு விடை மெல்ல உருவாகிவருகிறது: வளர்ப்பவர் என்றால் தத்தெடுக்கக் காத்திருப்பவர். இதன் விதை பழையது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, பின்னால் தத்துக்குப் போகப்போகும் பச்சைக் குழந்தைகளைத் தற்காலிகமாக வைக்க வளர்ப்புப் பராமரிப்பைப் பயன்படுத்தலாம் என்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரிக்கப் பார்த்தது. தத்துக்குரிய பிள்ளையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் விடக்கூடாது என்று அதன் 44ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விதிமுறைகள் பின்வாசலைத் திறந்து வைத்தன. 2016 நெறிமுறைகளின்படி ஐந்தாண்டு வளர்த்தவர் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். 2024இன் புதிய நெறிமுறைகளில் அது இரண்டாண்டாகக் குறைந்தது. அதே நெறிமுறைகள் 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபரும் வளர்க்கலாம் என்றன. தனி ஆண் என்றால் ஆண் பிள்ளையை மட்டும்.

இதை வரவேற்கக் காரணம் இருக்கிறது. ஆறு வயது தாண்டிய பிள்ளையை, சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைத் தத்தெடுக்க ஆள் வருவதில்லை. பழகிப் பார்த்து ஒட்டிக்கொண்டால் நிரந்தரமாகட்டும் என்பதில் தவறில்லை. அச்சப்படவும் காரணம் இருக்கிறது. தத்துக்குப் பதிவு செய்து காத்திருப்போர் நாட்டில் 30,000க்கும் மேல். 2024–25இல் நடந்த தத்துகள் 4,515. இந்த இடைவெளியில் நிற்கும் குடும்பம் வளர்ப்புப் பராமரிப்பை என்னவாகப் பார்க்கும்? அந்தப் பிள்ளையின் தாய் சிகிச்சை முடிந்தோ, சிறையிலிருந்தோ திரும்பி வந்தால், அவள் வருகையை அந்த வீடு எப்படி எடுத்துக்கொள்ளும்? தாய் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக் கூடியவரைத்தான் இந்த வேலைக்குத் தேட வேண்டும். நம் நெறிமுறைகள் அதற்கு நேர் எதிரான ஆசையோடு வருபவரை அழைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

தீராதவை

விடுதியைவிட நல்ல வீடு மேல், சின்ன வயதில் மிகவும் மேல் என்பது ஓரளவு தீர்ந்த விஷயம். வளர்ப்பவருக்கு ஆள் துணை இல்லாவிட்டால் அந்த மேன்மை கரைந்துவிடும் என்பதும் அப்படியே. தீராதவை பல. ஊதியம் பாசத்தைக் கெடுக்குமா, காக்குமா என்பதற்கு இரு பக்கமும் சான்று சொல்கிறார்கள். பெற்றவருக்கு எத்தனை மாதம் அவகாசம் தருவது என்பதற்கு 15, 22 போன்ற எண்கள் நிர்வாக வசதிக்கானவை, பிள்ளையின் மனதை அளந்து எடுத்தவை அல்ல. இந்தியாவில் விவாதிக்கவே தரவு போதவில்லை. நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு, பிற்காப்பு மூன்றும் அரசுக் கணக்கில் பெரும்பாலும் ‘நிறுவனம் சாரா பராமரிப்பு’ என்ற ஒரே மூட்டையில் வருகின்றன. எத்தனை பிள்ளைகள் அறியாத வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள் என்பதைப் பிரித்துச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

வளர்ப்பவர் யார் என்ற கேள்விக்கு நம் சட்டம் தரும் விடையை அதன் 44ஆம் பிரிவிலேயே படிக்கலாம். உடன்பிறந்தோரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கல்வி, உணவு, உடல்நலம் எல்லாம் வளர்ப்புக் குடும்பத்தின் பொறுப்பு என்று இருக்கிறது. பெற்றவர் வந்து பிள்ளையைப் பார்க்க வழி இருக்கிறது. பிள்ளை திரும்பிப் போன பிறகு, வளர்த்தவர் போய்ப் பார்ப்பது பற்றி ஒரு வரியும் இல்லை.